வங்கிகளை அரசு மீட்கும்போது அந்தச் சுமையைத் தாங்குவது யார்?

மல்லாவி ஆசிரியர்

2024 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், வங்கிகளின் மூலதனத்தை, அதாவது நட்டத்தைத் தாங்க அவற்றிடம் இருக்கும் சொந்தப் பணத்தை, பலப்படுத்துவதற்கென 450 பில்லியன் ரூபாய் ஒதுக்கப்பட்டது. வன்னியில் அதைப்பற்றி எவரும் பேசிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஆனால் 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாக உயர்ந்தபோது சந்தையிலும் பேருந்திலும் எல்லோரும் பேசினோம். வங்கிக்குப் போகும் பணமும் நாம் கடையில் செலுத்தும் வரியும் ஒரே கணக்கின் வரவும் செலவும் என்பதை நாம் சேர்த்துப் பார்ப்பதில்லை. இந்த விவாத இழையைத் தொடங்குவதற்கு அதுவே காரணம்.

2008 செப்டெம்பர் 15 அன்று அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி வங்குரோத்து அடைந்தது. அதற்கு மறுநாளே ஏ.ஐ.ஜி. என்ற காப்புறுதி நிறுவனத்துக்கு அந்நாட்டு மத்திய வங்கி 85 பில்லியன் டொலர் கடன் வழங்கியது. செப்டெம்பர் 29 அன்று வங்கிகளை மீட்கும் சட்டமூலத்தை மக்கள் பிரதிநிதிகள் சபை நிராகரித்தது. பங்குச் சந்தை சரிந்தது. நான்கு நாள் கழித்து, ஒக்டோபர் 3 அன்று, 700 பில்லியன் டொலர் வரை செலவிட அனுமதிக்கும் சட்டம் நிறைவேறியது. தவறான கடன்களைக் கொடுத்தவர்களும் அவற்றைப் பொதி பொதியாகக் கட்டி விற்றவர்களும் பாதுகாக்கப்பட, கடன் வாங்கிய இலட்சக்கணக்கான குடும்பங்கள் வீடுகளை இழந்தன. இலாபம் வரும்போது அது தனியாருடையது, நட்டம் வரும்போது அது பொதுமக்களுடையது என்ற நிலையை எந்தப் பொருளியல் கோட்பாட்டின்படி நியாயப்படுத்துவது? இதைத் துறை அறிந்தவர்களிடமும் கடன்பட்டு வாழ்பவர்களிடமும் கேட்க விரும்புகின்றேன்.

முன்னாள் வங்கி முகாமையாளர், வவுனியா

ஆசிரியர் அவர்களின் கோபத்தை மதிக்கின்றேன். ஆயினும் வங்கி என்பது ஏனைய வியாபாரங்களைப் போன்றதன்று என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். அரிசி ஆலை ஒன்று மூடப்பட்டால் அதன் உரிமையாளரும் தொழிலாளரும் அதற்கு நெல் கொடுத்தோரும் பாதிக்கப்படுவர். அடுத்த ஊர் ஆலைக்கு அதனால் வேலை கூடலாம். வங்கி ஒன்று மூடப்பட்டாலோ, அடுத்த வங்கியின் வாசலிலும் வைப்பாளர்கள் வரிசையில் நிற்பார்கள். கேட்டவுடன் திருப்பிக் கொடுப்பதாகச் சொல்லி வைப்பைப் பெற்று, அதைப் பல ஆண்டுகளுக்குக் கடனாகக் கொடுப்பதே வங்கியின் தொழில். எல்லா வைப்பாளரும் ஒரே நாளில் வந்தால் உலகின் எந்த நல்ல வங்கியாலும் தாக்குப்பிடிக்க முடியாது. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கன் வலி வங்கியை அவ்வாறான ஓட்டமே வீழ்த்தியது. அங்கு வைப்புக் காப்புறுதியின் எல்லை 250,000 டொலர். இருந்தும் ஓட்டம் ஏனைய வங்கிகளுக்குப் பரவும் என்று அஞ்சி, எல்லைக்கு மேற்பட்ட வைப்புகளையும் அரசு பாதுகாத்தது.

நம் நாட்டில் 2008 டிசம்பரில் நடந்ததும் இதனைக் காட்டுகின்றது. கோல்டன் கீ என்ற கடனட்டை நிறுவனம் சரிந்தபோது, அந்நிறுவனம் சார்ந்த குழுமத்துடன் தொடர்புபட்டிருந்த செலான் வங்கியில் வைப்பாளர்கள் பணத்தை எடுக்க முண்டியடித்தனர். மத்திய வங்கி தலையிட்டுப் பணிப்பாளர் சபையை அகற்றி, நிர்வாகத்தை இலங்கை வங்கியிடம் ஒப்படைத்தது. பின்னர் புதிய பங்குகள் வழங்கப்பட்டன. வைப்பாளர் எவரும் தம் பணத்தை இழக்கவில்லை, வங்கியும் இன்றுவரை இயங்குகின்றது. கோல்டன் கீயோ வைப்பு ஏற்பதற்கு மத்திய வங்கியின் அனுமதியைப் பெற்றிராத நிறுவனம். அதில் பணம் இட்டவர்கள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்தில் காத்திருந்தனர். மீட்பு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்பதற்கு ஒரே மாதத்தில் இரண்டு சான்றுகள். (போர் நடந்த அந்த மாதம் வன்னியில் நாம் வங்கிச் செய்திகளைப் படிக்கும் நிலையில் இருக்கவில்லை என்பதை நான் மறக்கவில்லை.)

நெல் விவசாயி, கண்டாவளை

ஐயா சொல்வது விளங்குகின்றது. வங்கி விழுந்தால் ஊர் விழும் என்கிறீர்கள். விவசாயம் விழுந்தால் எது விழாமல் இருக்கும் என்பதே என் கேள்வி.

2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது காலபோகப் (மாரிகாலப்) பயிர் வெள்ளத்தில் போனது. 2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டபோது விளைச்சல் விழுந்தது. இரண்டிலும் எங்களுடைய முடிவு என்று எதுவும் இல்லை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி, ஏனைய வட்டிகளுக்கு அடிப்படையான கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அந்த ஆண்டு முடிவதற்குள் பெரிய வாடிக்கையாளருக்கே கடன் வட்டி 25 வீதத்தைத் தாண்டியிருந்தது. எங்களுக்கு அதைவிடக் கூட. அடகில் இருந்த நகையைப் புதுப்பிக்கச் சென்றவர்கள் வட்டி கட்டவே இன்னொரு நகையை வைத்தார்கள். எங்கள் மூலதனத்தைப் பலப்படுத்த எந்த வரவு செலவுத் திட்டத்தில் இடமிருந்தது?

கணக்காளர், மாங்குளம்

மீட்பதா விடுவதா என்று கேட்டால் விவாதம் இரண்டு சுவர்களுக்கு நடுவே நின்றுவிடும். எந்த நிபந்தனையில் மீட்பது என்பதே என் பார்வையில் முதன்மையான கேள்வி. அதற்கு உலக அனுபவத்தில் தெளிவான விடைகள் உண்டு.

1990களின் தொடக்கத்தில் சுவீடனில் காணி, கட்டட விலைகள் சரிந்தபோது பெரிய வங்கிகள் ஆட்டம் கண்டன. அரசு வங்கிகளின் கடன்பாடுகள் அனைத்துக்கும் உத்தரவாதம் அளித்தது. ஆனால் மூலதனம் கேட்டு வந்த வங்கி தன் நட்டங்களை முதலில் முழுமையாகக் காட்ட வேண்டும், பங்குதாரர் அந்த நட்டத்தை முதலில் ஏற்க வேண்டும், அரசு இடும் பணத்துக்கு அரசு உரிமை பெற வேண்டும் என்று விதித்தது. நோட்பாங்கன் அரசுடைமையானது. கெட்ட கடன்கள் செக்குறம் என்ற தனி நிறுவனத்துக்கு மாற்றப்பட்டு நிதானமாக விற்கப்பட்டன. செலவிட்டதில் பெரும்பகுதி பிற்காலத்தில் திரும்பி வந்தது.

அயர்லாந்து 2008 செப்டெம்பர் இறுதியில் ஓர் இரவுக்குள் எடுத்த முடிவு இதற்கு நேர்மாறானது. வங்கிகளின் உள்நிலை என்னவென்று ஆராய்வதற்கு முன்பே ஆறு நிறுவனங்களின் வைப்புகளுக்கும் முறிகளுக்கும் (கடன் பத்திரங்களுக்கும்) அரசு உத்தரவாதம் கொடுத்தது. வங்கிகளுக்கு மொத்தம் 64 பில்லியன் யூரோ போடவேண்டி வந்தது. ஐம்பது இலட்சம் பேர்கூட இல்லாத நாடு அது. 2010 நவம்பரில் அந்நாடே ஐரோப்பிய ஒன்றியத்திடமும் சர்வதேச நாணய நிதியத்திடமும் 85 பில்லியன் யூரோ உதவித் திட்டத்துக்குச் சென்றது. வங்கிகளின் நோய் அரசுக்குத் தொற்றி, அரசு அதைச் சம்பளக் குறைப்பாகவும் வரியாகவும் மக்களுக்குக் கொடுத்தது.

ஐஸ்லாந்தின் மூன்று பெரிய வங்கிகளோ மீட்க முடியாத அளவுக்குப் பருத்திருந்தன; அவற்றின் சொத்துகள் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு. 2008 ஒக்டோபரில் அவை வீழ்ந்தன. உள்நாட்டு வைப்புகள் புதிய வங்கிகளுக்கு மாற்றப்பட்டன, வெளிநாட்டுக் கடன்கொடுத்தோர் இழந்தனர். நாணயத்தின் பெறுமதி பாதியளவுக்கு வீழ்ந்தது என்பதையும், பணம் நாட்டைவிட்டு வெளியேறுவதைத் தடுக்கும் மூலதனக் கட்டுப்பாடுகள் 2017 வரை நீடித்தன என்பதையும் மறைத்து, அதை ஓர் இலட்சிய வழியாகச் சொல்வது நேர்மையாகாது. ஆனால் அங்கு வங்கி உயர் அதிகாரிகள் சிறை சென்றார்கள். 2014 இல் குடும்பங்களின் வீட்டுக்கடனில் ஒரு பகுதியை அரசு குறைத்தது. கண்டாவளை அண்ணா கேட்ட கேள்விக்கு ஒரு நாடாவது ஓரளவு விடை சொல்லியிருக்கின்றது.

அமெரிக்காவைப் பற்றி ஆசிரியர் எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். வங்கிகளுக்கு மூலதனமாக இட்ட ஏறத்தாழ 245 பில்லியன் டொலரும், பங்கிலாபம் முதலியவற்றுடன் சேர்ந்து, இட்டதற்கு மேலாகவே திறைசேரிக்குத் திரும்பியது. ஆகவே அது வெறும் தானம் என்பது தவறு. எனினும் விபத்து நேரத்தில் சந்தையில் எவரும் கொடுக்காத பணத்தை மலிவாகக் கொடுத்ததே ஒரு பெரிய சலுகை. ஏ.ஐ.ஜி. மக்கள் பணத்தில் உயிர்பிழைத்த பின், 2009 மார்ச்சில் 165 மில்லியன் டொலர் ஊக்கத்தொகை வழங்கியது அந்நாட்டவரை எவ்வளவு கொதிக்கச் செய்ததென்று அப்போதைய செய்திகளைப் படித்தவர்களுக்குத் தெரியும்.

சேமலாப உறுப்பினர், கிளிநொச்சி

நான் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கின்றேன். என் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியத்துக்குப் போகின்றன. இந்த இழையில் எல்லோரும் வெளிநாட்டு வங்கிகளைப் பற்றி எழுதுகிறீர்கள். 2023 இல் நம் நாட்டில் நடந்ததை யாராவது விளக்க வேண்டும். அரசு உள்நாட்டில் பட்ட கடனின் வட்டியையும் தவணையையும் மாற்றும் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று சொல்லி, வங்கிகளை ஐந்து நாட்கள் தொடர்ந்து மூடிவைத்து, ஜூலை 1 அன்று பாராளுமன்றத்தில் நிறைவேற்றினார்கள். சேமலாப நிதியத்திடம் இருந்த திறைசேரி முறிகள் குறைந்த வட்டியும் நீண்ட தவணையும் உள்ள புதிய முறிகளாக மாற்றப்பட்டன. வங்கிகளிடம் இருந்த அதே வகை முறிகளைத் தொடவில்லை. எங்கள் நிதியத்துக்கு அந்த ஆண்டில் நட்டமில்லை, 9 வீத வட்டி உறுதி என்றார்கள். பிறகு ஏன் வங்கிகளுக்கும் அதையே செய்யவில்லை?

முன்னாள் வங்கி முகாமையாளர், வவுனியா

தங்கச்சியின் கேள்வி இந்த இழையிலேயே மிகக் கூர்மையானது. என்னால் இயன்றவரை விடை சொல்கின்றேன்.

2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை அரசு இடைநிறுத்திய பின், வங்கிகள் பல பக்கத்தாலும் அடிபட்டிருந்தன. அவை வைத்திருந்த அரசின் டொலர் முறிகள் பெறுமதி இழந்தன. சுற்றுலாத்துறைக்கும் கட்டுமானத்துறைக்கும் கொடுத்த கடன்கள் திரும்பவில்லை. பெட்ரோலியக் கூட்டுத்தாபனம் போன்ற அரச நிறுவனங்களின் கடன்பாரம் பெரும்பாலும் இரண்டு அரச வங்கிகளின் தோளில் இருந்தது. அந்த நிலையில் ரூபாய் முறிகளிலும் கைவைத்திருந்தால் மூலதனம் கரைந்து, வைப்பாளர்கள் ஓடத் தொடங்கியிருப்பார்கள். சேமலாப நிதியத்தில் இருந்து எவரும் ஓட முடியாது. அதிகாரிகள் கணக்குப் பார்த்தது அந்த வேறுபாட்டைத்தான். அது அன்று தவிர்க்க முடியாத முடிவென்றே நான் இன்றும் கருதுகின்றேன்.

சேமலாப உறுப்பினர், கிளிநொச்சி

ஐயா, உங்கள் விடையிலேயே என் மனக்குறை இருக்கின்றது. ஓட முடியாதவர்கள் என்பதால் எங்கள்மீது சுமையை வைத்தார்கள்.

கணக்காளர், மாங்குளம்

அக்கா சொன்னது சரி. அதற்கு எண்களும் துணை நிற்கின்றன. புதிய முறிகளுக்கு 2025 வரை 12 வீத வட்டியும் அதன்பின் 9 வீத வட்டியும் என வகுக்கப்பட்டது. மாற்றத்துக்கு உடன்படாத ஓய்வுகால நிதியங்களின் வருமானத்துக்கு 14 வீதத்துக்குப் பதிலாக 30 வீத வரி என்று சட்டம் சொன்னது. விருப்பத்தெரிவு என்று பெயர் இருந்தாலும் தெரிவு இருக்கவில்லை. அதே காலப்பகுதியில், 2022 இன் பிற்பகுதியிலும் 2023 இன் தொடக்கத்திலும், அரசு குறுங்காலத்துக்குக் கடன் பெற விற்கும் பத்திரங்களான திறைசேரி உண்டியல்களின் வட்டி 30 வீதத்துக்கு மேல் சென்றிருந்தது. அவற்றை வாங்கியவர்களில் வங்கிகளும் வசதி படைத்த தனியாரும் இருந்தனர். அந்த உண்டியல்களில், மத்திய வங்கி வைத்திருந்தவை தவிர, வேறெவருடையதும் மறுசீரமைப்பில் சேர்க்கப்படவில்லை.

முகாமையாளர் ஐயா வங்கிகளைப் பாதுகாத்த முடிவை ஆதரிப்பதில் நியாயம் உண்டு. நான் ஏற்க மறுப்பது, பாதுகாப்புக்குப் பதிலாகப் போதிய அளவு எதுவும் கேட்கப்படாததை. முறிகளில் கைவைக்காமல் விடப்பட்ட தனியார் வங்கியிடம், குறைந்தபட்சம் சில ஆண்டுகளுக்குப் பங்கிலாபத்தை மட்டுப்படுத்து, சிறு விவசாயியின் கடனுக்கு அவகாசம் கொடு என்று நிபந்தனை விதித்திருக்கலாம். வங்கிகள் ஏற்கனவே உயர் வரி செலுத்துகின்றன என்பது அரசு தரப்பின் வாதம். வரி என்பது இலாபம் வந்த பின் செலுத்துவது. மீட்பின் விலை அதற்கு வெளியே பேசப்பட வேண்டும்.

நிதித்துறை பொருளாதாரத்தில் செய்ய வேண்டிய பணி என்ன என்ற கேள்வியும் இங்கேதான் எழுகின்றது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2009 க்குப் பின் வங்கிக் கிளைகளும், வாகனம் முதலியவற்றைத் தவணைக்குக் கொடுக்கும் லீசிங் நிறுவனங்களும் வீதி நெடுகத் திறக்கப்பட்டன. சேமிப்பைத் திரட்டி, உற்பத்தி செய்பவரிடம் சேர்ப்பதே அவற்றின் பொருளாதார நியாயம். அரசுக்குக் கடன் கொடுத்தால் எந்த இடரும் இன்றி 25, 30 வீதம் கிடைக்கும் காலத்தில், பாரதிபுரத்தில் ஒரு நெல் குற்றும் ஆலைக்கோ முல்லைத்தீவில் ஒரு மீன் பதனிடும் நிலையத்துக்கோ கடன் கொடுக்க எந்த முகாமையாளர் முன்வருவார்? அந்த வட்டியை அரசு எங்கிருந்து கட்டுகின்றது என்று பார்த்தால் ஆசிரியர் தொடங்கிய 18 வீத வரிக்கே வந்து நிற்போம்.

கூட்டுறவுப் பணியாளர், புதுக்குடியிருப்பு

இந்த விவாதத்தில் வங்கியின் படியே ஏறாத பெண்கள் இன்னும் வரவில்லை. போருக்குப் பின் இங்கு குடும்பத்தைத் தனியே சுமந்த பெண்களைத் தேடி வந்தது வங்கி அன்று, நுண்கடன் நிறுவனம். பிணை கேட்கவில்லை, ஐந்து பேர் குழுவாகச் சேர்ந்தால் போதும் என்றது. கிழமைதோறும் ஆள் வந்து வாசலில் நிற்கும்; ஒருவர் கட்டாவிட்டால் ஏனைய நால்வரும் கட்ட வேண்டும். ஒன்றைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்ட மூன்றாவது என்று கடன்பட்டவர்களை எங்கள் கிராமங்களில் வீட்டுக்கு வீடு காணலாம்.

2018 இல் அரசு, வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களும் அதில் அடங்கின. வட்டிக்கு 35 வீத உச்ச எல்லையும் விதிக்கப்பட்டது. அது தேவையான உதவிதான். பயன்பெற்றவர்களை நான் அறிவேன். ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் தவணை தவறியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நகையை விற்றும், பட்டினி கிடந்தும், வேறு கடன் எடுத்தும் தவறாமல் கட்டியவளுக்கு எதுவும் இல்லை. அமெரிக்காவில் 30 முதல் 40 இலட்சம் வீட்டுக்கடன்காரருக்கு உதவுவதாக 2009 இல் தொடங்கிய திட்டமும் தன் இலக்கில் பாதியளவையே எட்டியது என்று படித்தேன். பெரிய நிறுவனத்துக்கு ஒரு வார இறுதியில் முடிவு எடுக்கப்படுகின்றது. சிறிய கடனாளி படிவத்துடன் வரிசையில் நிற்கின்றாள். இது எல்லா நாட்டிலும் ஒன்றுபோல் இருப்பது என்னைத் துயரப்படுத்துகின்றது.

ஆகவே கூட்டுறவுக் கிராமிய வங்கிகளையும் சிக்கன கடனுதவு சங்கங்களையும் மீண்டும் பலப்படுத்த வேண்டும் என்பதே என் கருத்து. அங்கு கடன் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே ஊரவர். இலாபம் வெளியே போவதில்லை.

முள்ளியவளை வாசகர்

ஒரு சிறு நினைவூட்டல். மீட்பே இல்லாமல் ஒரு வங்கி மறைந்தால் என்ன ஆகும் என்பதை வன்னி மக்கள் அறிவார்கள். விடுதலைப் புலிகள் நடத்திய வங்கியான தமிழீழ வைப்பகத்தில் அடகு வைத்த நகைகளும் இட்ட வைப்புகளும் 2009 உடன் போயின. கைப்பற்றப்பட்ட நகைகளில் ஒரு பகுதி 2014 இல் உரியவர்களிடம் கொடுக்கப்பட்டது. 2025 மே மாதத்தில் இன்னொரு தொகுதியை இராணுவம் பொலிஸாரிடம் கையளித்தது. பற்றுச்சீட்டைத் தொலைத்தவர்கள், அதை வைத்திருந்தவரையே தொலைத்தவர்கள் எத்தனையோ பேர். வைப்பாளரைக் கைவிடலாம் என்று எவர் சொன்னாலும் எனக்கு உடன்பாடில்லை.

மல்லாவி ஆசிரியர்

நண்பர்களுக்கு நன்றி. வைப்பாளரைக் காப்பதில் இங்கு எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. உரிமையாளரையும் நிர்வாகத்தையும் சேர்த்துக் காப்பதில்தான் வேறுபாடு. முகாமையாளர் ஐயாவிடம் ஒரு நடைமுறைக் கேள்வி. எங்கள் ஊரில் ஒருவர் தன் சேமிப்பைக் கிராமிய வங்கியிலோ, கூடுதல் வட்டி தரும் நிதி நிறுவனத்திலோ வைத்திருந்து, அது வீழ்ந்தால் அவருக்குச் சட்டப்படி என்ன கிடைக்கும்?

முன்னாள் வங்கி முகாமையாளர், வவுனியா

மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வர்த்தக வங்கி, சிறப்பு வங்கி, நிதிக் கம்பனி ஆகியவற்றின் வைப்புகளுக்கு வைப்புக் காப்புறுதி உண்டு. ஒரு நிறுவனத்தில் ஒரு வைப்பாளருக்கு அதிகூடிய தொகை 2021 இலிருந்து 11 இலட்சம் ரூபாய். அதற்கு முன் 6 இலட்சமாக இருந்தது; 2020 மே மாதத்தில் த ஃபினான்ஸ் கம்பனியின் அனுமதிப்பத்திரம் இரத்துச் செய்யப்பட்டபோது வைப்பாளருக்கு அந்த எல்லைக்குள்ளேயே இழப்பீடு வழங்கப்பட்டது. அதற்கு மேல் வைத்திருந்தவர்கள் மிகுதிக்கு, நிறுவனத்தின் சொத்துகள் விற்கப்படும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 2023 இன் 17 ஆம் இலக்க வங்கித்தொழில் சிறப்பேற்பாடுகள் சட்டம் இந்தக் காப்புறுதிக்கும், வீழும் வங்கியைக் கையாள்வதற்கும் முன்னையதைவிட உறுதியான சட்ட அடிப்படையைத் தந்துள்ளது.

கூட்டுறவுக் கிராமிய வங்கிகளும், அரசின் வறுமை ஒழிப்புத் திட்டத்தின் சமுர்த்தி வங்கிகளும் இந்தக் காப்புறுதிக்குள் அடங்கா. புதுக்குடியிருப்பு நண்பரின் கருத்தில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அவற்றைப் பலப்படுத்த வேண்டுமென்றால், கணக்காய்வும் காப்புறுதியும் அவற்றுக்கும் வேண்டும் என்றே முதலில் கேட்க வேண்டும். சேமிப்பு 11 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அதை ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களில் பிரித்து வைக்கலாம். எந்த நிதி நிறுவனத்திலும் பணம் இடுவதற்கு முன், மத்திய வங்கி வெளியிடும் அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலில் அதன் பெயர் இருக்கின்றதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியல் தமிழிலும் கிடைக்கின்றது.